வரைந்த நகரும் வளர்ந்த காடும்

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையே, வல்லம் வட்டாரத்துச் சாலைகளில் செல்பவர்க்குப் பழகிப்போன காட்சி ஒன்று உண்டு. சென்ற ஆண்டுவரை மணிலாவோ நெல்லோ விளைந்த நிலத்தில் வண்ணம் பூசிய எல்லைக்கற்கள் வரிசை வரிசையாக நிற்கும். முகப்பில் ஒரு வளைவு; வளைவில் ஏதேனும் ஒரு 'நகர்' என்ற பெயர். உள்ளே வீடில்லை, விளக்கில்லை, குடியிருக்க ஓர் உயிரும் இல்லை. ஆனால் மனை விற்பவரின் கையிலிருக்கும் தாளில் எல்லாம் இருக்கின்றன. முப்பதடிச் சாலை இருக்கிறது; பச்சை வண்ணத்தில் பூங்கா இருக்கிறது; ஒரு மூலையில் பள்ளிக்கூடம்கூட இருக்கிறது. அந்தத் தாளை விரித்துப் பார்க்கும் குடும்பத்தார் கற்களைப் பார்ப்பதில்லை. இன்னும் கட்டப்படாத வீட்டின் திண்ணையைப் பார்க்கிறார்கள்.

இதை நகைத்து ஒதுக்குவது எளிது. ஆயினும் இல்லாத ஒன்றை இருப்பதுபோல் கண்டு, அதற்காக இன்றைய உழைப்பைச் செலவிடும் இந்த ஆற்றல் மனிதனுக்கு இல்லாதிருந்தால் ஏரியும் இல்லை, கோயிலும் இல்லை, பள்ளியும் இல்லை. ஆகவே கற்பனை செய்யலாமா என்பது நம்முன் உள்ள கேள்வியன்று. ஒருவர் வரையும் நாளையில் மற்றவர்க்கு என்ன இடம்? வரைந்தவர் மறைந்த பின்னும் அந்த வரைபடம் உயிரோடிருப்போரைக் கட்டுப்படுத்துமா? இவை அறவியல் கேள்விகள். வேடிக்கைக் கேள்விகள் அல்ல.

மேலைநாட்டுக் கல்விக்கூடங்களில் இது இன்று ஒரு தனித்துறையாகவே வளர்ந்திருக்கிறது. 'ஊக வடிவமைப்பு' என்று அதைத் தமிழில் சொல்லலாம். இலண்டன் அரச கலைக் கல்லூரியில் பணியாற்றிய அந்தோணி டன், பியோனா ரேபி ஆகிய இருவரும் 2013இல் வெளியிட்ட நூல் அத்துறையில் பெயர்பெற்றது. நாற்காலியை வடிவமைப்பவர் அதை விற்பதற்காக வடிவமைக்கிறார். இவர்களோ விற்பனைக்கு வராத, ஒருவேளை எவருமே விரும்பாத பொருள்களை வடிவமைத்து முன்வைத்து, இப்படியொரு நாளை வந்தால் உமக்குச் சம்மதமா என்று கேட்கிறார்கள். எதிர்காலத்தை அவர்கள் ஒரு கைவிளக்கின் ஒளிபோல் காட்டுவார்கள். விளக்கின் வாய் இன்றைய நாள். ஒளி விரிந்துகொண்டே போகிறது. நடுவில் பெரும்பாலும் நடக்கவிருப்பவை. அதைச் சூழ்ந்து நடக்கலாம் என்று நம்பத்தக்கவை. விளிம்பில் எவ்விதத்திலேனும் நடக்க இயல்பவை. இவற்றுக்குக் குறுக்கே 'விரும்பத்தக்கவை' என்றொரு பகுதி. அந்த இடத்தில் அவர்கள் நின்று கேட்கும் கேள்விதான் பொருட்படுத்தத்தக்கது: யாருக்கு விரும்பத்தக்கவை? அதை முடிவு செய்தவர் யார்?

இந்தக் கேள்வியை இலண்டனில் விட்டுவிட வேண்டியதில்லை. நம் மாவட்டத்திலேயே ஒரு வரைபடம் மண்ணில் இறங்கி, அரை நூற்றாண்டுக்கும் மேலாக மனிதரோடும் மரங்களோடும் வழக்காடிக்கொண்டிருக்கிறது.

விழுப்புரம் மாவட்டத்தின் கிழக்கோரத்தில், வானூர் வட்டத்தில், வங்கக் கடலை நோக்கிச் சரியும் செம்மண் மேடு ஒன்று உள்ளது. 1968 பிப்ரவரி 28 அன்று அங்கே ஒரு நகரத்துக்குத் தொடக்கவிழா நடந்தது. 124 நாடுகளின் மண்ணும் இந்திய மாநிலங்களின் மண்ணும் தாமரை மொட்டு வடிவிலான ஒரு கலத்தில் இடப்பட்டன. நகரின் பெயர் ஆரோவில். அதைக் கனவு கண்டவர், பாரிசில் 1878இல் பிறந்து புதுவையில் ஸ்ரீ அரவிந்தரின் ஆசிரமத்தை நடத்திய மிரா அல்பாசா; ஆசிரமத்தார் அவரை 'அன்னை' என்றே அழைப்பர். நகருக்கு வடிவம் தந்தவர் ரோஷே ஆன்ழே என்னும் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர். பல வரைவுகளுக்குப் பின் அவர் தந்த வடிவம் விண்மீன் கூட்டம் போன்றது. நடுவில் அமைதிப் பகுதி. அதைச் சுற்றிச் சுழன்று விரியும் கரங்களாகக் கட்டடங்கள். குடியிருப்பு, தொழில், பண்பாடு, பன்னாட்டு உறவு என நான்கு பகுதிகள். எல்லாவற்றையும் சூழ்ந்து ஒரு பசுமை வளையம். மொத்தம் 50,000 பேருக்கு. அந்த நகரம் எவருக்கும் தனிச்சொத்தன்று, மானுடம் முழுமைக்கும் உரியது என்பது அதன் சாசனத்தின் முதற்கொள்கை. யுனெஸ்கோ நிறுவனம் 1966இலேயே இம்முயற்சியை வரவேற்றுத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது.

வரைபடத்தை மேலிருந்து பார்ப்பவர் அதன் அழகில் மயங்குவார். அதில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த ஆண்டுகளில் தரையில் நின்று பார்த்தவர் கண்டது வேறு. மரமற்ற செம்மேடு, மழை பெய்தால் மண்ணை அள்ளிக்கொண்டு கடலுக்கு ஓடும் வாரிகள், ஆங்காங்கே பனைமரங்கள், முந்திரி, அலைந்து மேயும் ஆடுகள். நகரின் மையமாகக் கொள்ளப்பட்ட இடத்தில் ஓர் ஆலமரம் மட்டும் நின்றது. வந்து குடியேறிய இளைஞர்களுக்கு முதல் தேவை விண்மீன் வடிவன்று, நிழல். ஆகவே கரை போட்டார்கள், மழைநீரை மறித்தார்கள், ஆடு நுழையாமல் வேலி கட்டினார்கள், மரம் நட்டார்கள். 'கட்டினார்கள், நட்டார்கள்' என்று நான் எழுதும்போது குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, கோட்டக்கரை போன்ற ஊர்களிலிருந்து கூலிக்கு வந்து மண்வெட்டி பிடித்தவர்களும் தண்ணீர் சுமந்தவர்களும் அந்த வினைமுற்றுகளுக்குள் அடக்கம் என்பதை வாசகர் மறந்துவிடலாகாது. ஆரோவில் பற்றிய பல எழுத்துகளில் அவர்கள் ஒரு வாக்கியத்துக்கு மேல் வருவதில்லை.

காடு வளர்ந்தது. இன்று அங்கே செல்பவர் அதை நகரம் என்று சொல்வதற்கு முன் காடு என்றே சொல்வார். 50,000 பேருக்கென வரைந்த இடத்தில் வாழ்பவர் மூவாயிரத்துச் சொச்சம் பேர். பசுமை வளையம் நகரைச் சூழ்ந்திருக்க வேண்டும் என்பது வரைபடம். தெருக்கள் வரவேண்டிய நடுப்பகுதியிலும் காடே வந்து நின்றுவிட்டது.

1973 நவம்பர் 17 அன்று மிரா அல்பாசா மறைந்தார். எந்தக் கனவுக்கும் ஆபத்தான காலம் கனவு கண்டவர் கண்மூடிய மறுநாள்தான் தொடங்குகிறது. நிலமும் பணமும் யார் பொறுப்பில் என்பதில் அரவிந்தர் பெயரால் அமைந்த சங்கத்துக்கும் குடியிருப்போருக்கும் பூசல் மூண்டது. மைய அரசு 1980இல் ஒரு நெருக்கடிச் சட்டத்தால் தலையிட்டது. அதை எதிர்த்த வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. 1988இல் ஆரோவில் அறக்கட்டளைச் சட்டம் வந்தது. எவருக்கும் சொந்தமில்லை என்று சொல்லித் தொடங்கிய ஊருக்கு ஆட்சிக்குழு, பன்னாட்டு ஆலோசனைக் குழு, குடியிருப்போர் பேரவை என்று மூன்று குரல்கள் ஏற்பட்டன. பெருந்திட்டம் மைய அரசின் ஒப்புதல் பெற்று 2010இல் அரசிதழில் வெளியாயிற்று. கனவு அரசிதழில் ஏறிய அந்த நாளை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அதன்பின் அது ஒருவர் மற்றவரிடம் பகிரும் காட்சி அன்று. ஒருவர் மற்றவர்மேல் செலுத்தக்கூடிய ஆணை.

2021 டிசம்பரில் அந்த ஆணை மண் அள்ளும் இயந்திரங்களோடு வந்தது. மையப் பகுதியைச் சுற்றிச் செல்லவேண்டிய வட்டச் சாலைக்கு 'மகுடம்' என்று பொருள்படும் பெயர். அதன் பாதையில் இளைஞர் மையமும் மரங்களும் நின்றன. மரங்கள் சாய்ந்தன, குடியிருப்போரில் ஒரு சாரார் இயந்திரங்களின் முன்னால் நின்று தடுத்தனர். 2022 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, உரிய சுற்றுச்சூழல் அனுமதியின்றி மேற்கொண்டு மரம் வெட்டலாகாது என்ற அளவில் கட்டுப்பாடுகள் விதித்தது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், தீர்ப்பாயம் தன் அதிகார எல்லையைக் கடந்துவிட்டது என்று கூறி அந்த ஆணையை நீக்கியது. சட்டம் தன் சொல்லைச் சொல்லிவிட்டது. அறத்தின் கேள்வி அதனோடு முடிந்துவிடவில்லை.

இரு தரப்பையும் அவரவர் வலுவான சொற்களிலேயே கேட்க வேண்டும். சாலை வேண்டும் என்பவர் கூறுவது இது: இந்த நிலம் காடு வளர்ப்பதற்கென்று வாங்கப்பட்டதன்று. உலகெங்கும் உள்ளோர் நன்கொடை தந்தது ஒரு நகரத்துக்காக. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் மூவாயிரம் பேரே வாழ்கிறார்கள் என்றால், முதலில் வந்தவர்கள் மரநிழலில் விசாலமாக அமர்ந்துகொண்டு, பின்னால் வரவேண்டியவர்களுக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள் என்றுதானே பொருள்? சாலை வேண்டாம் என்பவர், அல்லது இப்படி வேண்டாம் என்பவர், கூறுவது இது: வரைபடத்தைத் தந்தவர்களே அதை மாறாத சட்டமாகத் தரவில்லை. வெற்று மேட்டைக் கண்முன் கொண்டு வரைந்த கோடு, இன்று நீரோட்டமும் காடும் உள்ள இடத்தில் அப்படியே செல்ல வேண்டும் என்பது கனவுக்கு உண்மையாயிருத்தல் அன்று, கோணமானிக்கு உண்மையாயிருத்தல். சாலையைச் சற்று வளைத்தால் என்ன குடிமுழுகிவிடும்?

முதல் தரப்பின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது என்பதே என் எண்ணம். மரத்தைக் காப்பவர் எப்போதும் நல்லவர், இயந்திரத்தை அனுப்புபவர் எப்போதும் கெட்டவர் என்று எழுதிவிட்டால் கைதட்டல் கிடைக்கும், உண்மை கிடைக்காது. இன்னும் வராதவர்களும் ஒருவகையில் ஏழைகளே. அவர்களுக்கு வாக்கில்லை, வழக்கறிஞர் இல்லை. வந்து அமர்ந்தவர் தம் வசதியை 'இயற்கை' என்று பெயரிட்டுக் காத்துக்கொள்வது உலகெங்கும் நடப்பதே.

ஆனால் இங்கே வாக்குறுதியையும் படத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வாக்குறுதி ஒருவருக்குக் கொடுக்கப்படுகிறது. கொடுத்தவர் இறந்தாலும் அது சாவதில்லை. தந்தை பட்ட கடனை மகன் அடைப்பது நம் வழக்கம். படமோ அப்படியன்று, அது வரைந்த நாளில் கண்ணுக்குத் தெரிந்ததைக் கொண்டு செய்த ஊகம். ஆரோவில் விஷயத்தில், வரவிருக்கும் 50,000 பேருக்குக் கொடுக்கப்பட்ட வாக்குறுதி இடம், வட்டம் அன்று. ஆகவே காட்டைக் காப்பவர்கள் தாங்கள் கடனாளிகள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நெருக்கி அமரவும், மாடிமேல் மாடி கட்டவும், தம் தோட்டத்தைச் சுருக்கவும் அவர்கள் ஆயத்தமாயிருக்க வேண்டும். சாலையாளரோ, அந்தக் கடன் கோணமானியால் அளந்து திருப்பித் தரவேண்டிய கடனன்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த இரண்டு ஒப்புதலும் ஒரே மேசையில் நிகழாததால்தான் ஊர் நீதிமன்றப் படியில் நின்றது.

இதுவரை நான் சொன்ன வழக்கில் ஒரு தரப்பு பேசவேயில்லை என்பதை வாசகர் கவனித்திருப்பார். வட்டத்துக்குள்ளும் அதன் விளிம்பிலும் தமிழ்க் கிராமங்கள் இருக்கின்றன. வட்டம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அவை இருந்தன. விண்மீன் வடிவைத் தாளில் சுழற்றிய கை, அந்த ஊர்களின் சுடுகாட்டையும் மந்தைவெளியையும் எல்லையம்மன் கோயிலையும் எந்த வண்ணத்தில் தீட்டியது?

1516இல் புனித தாமஸ் மோர் தம் 'உட்டோப்பியா'வை வெளியிட்டார். 'எங்குமில்லா ஊர்' என்பது அப்பெயரின் பொருள். அவர் நகைச்சுவை உணர்வுள்ளவர். அந்தத் தீவின் ஆற்றுக்கு 'நீரற்றது' என்று பொருள்படும் பெயரிட்டார். நம் தென்பெண்ணையைக் கோடையில் கண்டிருந்தால் அந்த நகைச்சுவை அவருக்குத் தோன்றியிராது. தனிச்சொத்தில்லாத, நாளுக்கு ஆறு மணி நேரமே உழைக்கும் அந்த நாட்டைப் படிப்பவர் அதிகம் கவனிக்காத ஒரு பகுதி உண்டு. தீவில் மக்கள்தொகை மிகுந்தால் அக்கரைக்குச் சென்று, அங்குள்ளோர் பயன்படுத்தாமல் விட்டிருக்கும் நிலத்தில் குடியேறுவார்கள். அங்குள்ளோர் இணங்காவிடில் போர் தொடுப்பார்கள். நிலத்தைத் தானும் பயன்படுத்தாமல் பிறரையும் தடுப்பவன்மேல் போர் தொடுப்பது நியாயம் என்பது அத்தீவாரின் கொள்கை. 'பயன்படாத நிலம்' என்று முடிவு செய்தவர் யார் என்ற கேள்வியை அந்தக் கதைக்குள் எவரும் கேட்கவில்லை. அடுத்த நானூறு ஆண்டுகள் உலகின் பெரும்பகுதியில் அந்தக் கொள்கை என்ன செய்தது என்பதை நாம் அறிவோம்.

அதே நூலைக் கையிலெடுத்து வேறு விதமாகச் செயல்பட்டவர் ஒருவரும் உண்டு. வாஸ்கோ தெ கிரோகா என்னும் இசுபானிய நீதிபதி 1531இல் மெக்சிகோ சென்றார். படையெடுப்பால் சிதறிக்கிடந்த பூர்வகுடிகளைக் கண்டு, 1532இல் சாந்தா ஃபே என்ற பெயரில் மருத்துவமனையும் பொதுநிலமும் கைத்தொழிலும் கொண்ட ஒரு குடியிருப்பை அமைத்தார். பின்னர் மிச்சோகான் மறைமாவட்டத்தின் ஆயராகி, பாட்ஸ்குவாரோ ஏரிக்கரையிலும் அதே முயற்சியைத் தொடர்ந்தார். மோரின் ஆறு மணி நேர உழைப்பை அவர் தம் ஊர்களின் விதியாகவே எழுதினார். அப்பகுதி மக்கள் இன்றும் அவரை 'தாத்தா வாஸ்கோ' என்றே சொல்கிறார்கள். அவர்கள் மொழியில் 'தாத்தா' என்பது தந்தையைக் குறிக்கும். அவரும் வென்றவர்களின் கப்பலில் வந்தவரே. அங்கே வாழ்ந்தவர்கள் கேட்காத ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தவரே. எனினும் ஒரு வேறுபாடு இருந்தது. தீட்டிய ஊருக்கு ஆள் தேடாமல், வீடிழந்து நின்ற ஆளுக்கு ஊர் தேடினார்.

ஆரோவில்லுக்கு நீதியாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அங்கே நிலம் போரால் எடுக்கப்படவில்லை. விலை கொடுத்து வாங்கப்பட்டது. பள்ளிகள் வந்தன, மருத்துவம் வந்தது, ஆயிரக்கணக்கானோர் சுற்றூர்களிலிருந்து நாள்தோறும் அங்கே வேலைக்குச் செல்கிறார்கள். ஆனால் விற்றவருக்கு அது தரிசு என்று சொல்லப்பட்டது. ஆடு மேய்த்தவருக்கு அது தரிசன்று. பனையேறியவருக்கும் அது தரிசன்று. விலைச்சீட்டில் மேய்ச்சலுக்குக் கட்டம் இல்லாததால் அதற்கு விலையும் இல்லாது போயிற்று. விற்றவரின் பேரன் இன்று அதே நிலத்தில் சம்பளத்துக்குப் போகிறான். அவன் மகிழ்ச்சியோடும் போகலாம். நல்ல சம்பளமும் பெறலாம். ஆனால் வட்டச் சாலை வளைய வேண்டுமா நேராகப் போக வேண்டுமா என்று அவனைக் கேட்பவர் இல்லை.

இரும்பை என்னும் ஊர் அருகிலேயே இருக்கிறது. மாகாளேசுவரர் கோயில் கொண்ட பாடல்பெற்ற தலம். அங்கே கடுவெளிச் சித்தரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. சித்தரை அரசன் அவமதித்தான், சித்தரின் சினத்தால் இலிங்கம் பிளந்தது, நிலம் வறண்டது. தூரதேசத்திலிருந்து வருவோர் ஒருநாள் இந்த மண்ணை மீண்டும் பசுமையாக்குவார்கள் என்பது இன்று சொல்லப்படும் வடிவில் கதையின் முடிவு. இதைப் பழைய தீர்க்கதரிசனம் என்று வியப்போர் பலர். எனக்கு வியப்பு வேறிடத்தில். வந்தவர்களின் வரைபடத்தில் ஊரார்க்குச் சரியான இடம் இல்லை. ஊராரோ தங்கள் கதையில் வந்தவர்களுக்கு இடம் ஒதுக்கிவிட்டார்கள். அதுவும் சாபம் தீர்ப்பவர்கள் என்ற உயர்ந்த இடம்! இவ்விரண்டில் எது பெருந்தன்மையான எதிர்காலக் கற்பனை என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம்.

அரசு வரையும் நாளையில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. அன்றைய தென்னார்க்காட்டிலேயே 1956இல் நெய்வேலி நிறுவனம் தொடங்கிற்று. வெளிச்சம் வந்தது; அகலச் சாலைகளும் மரங்களும் கொண்ட நகரியம் வந்தது; அதற்காகப் பல ஊர்கள் இடம்பெயர்ந்தன. அந்த மின்சாரத்தில் படித்து வளர்ந்தவர்கள் நாம். ஆகவே எளிதில் கல்லெறிய முடியாது. ஆனால் 2023 சூலையில் வளையமாதேவியில், கதிர் வரும் நிலையிலிருந்த நெற்பயிருக்குள் வாய்க்கால் வெட்ட இயந்திரங்கள் இறங்கியதைப் பார்த்த எவரும் அன்றிரவு நிம்மதியாக உண்டிருக்க முடியாது. நிலம் முன்னரே கையகப்படுத்தப்பட்டது என்பது நிறுவனத்தின் பதில். தாளில் அது சரியாகவே இருக்கலாம். இன்னும் சில வாரம் பொறுத்தால் அறுவடை. அறுபது ஆண்டு எதிர்காலத்தைக் கணக்கிடத் தெரிந்தவர்க்கு அந்தச் சில வாரம் கணக்கில் வரவில்லை.

வரைபடமே இல்லாமலும் எதிர்காலத்தைக் கற்பனை செய்யலாம் என்பதற்குத் தமிழில் ஒரு சான்று உண்டு. பெரியாரின் 'இனிவரும் உலகம்' 1940களில் நூலாக வந்தது. ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கம்பியில்லாத் தந்திக் கருவி இருக்கும், உருவத்தைப் பார்த்துக்கொண்டே தொலைவிலுள்ளவரோடு பேசலாம், உடற்சேர்க்கையின்றியே குழந்தை பிறக்கும் என்றெல்லாம் அவர் எழுதியதைப் பலரும் எடுத்துச் சொல்வர். அவருடைய கருத்துகள் பலவற்றோடு இவ்விதழின் வாசகர் உடன்படமாட்டார். ஆயினும் கருவிகள் பலித்தனவா என்பது அந்நூலில் சிறிய செய்தியே. ஒருவன் மற்றவனுக்குக் குற்றேவல் செய்யவேண்டிய தேவை இல்லாத நாளில் மேல்-கீழ் என்பது எதன்மேல் நிற்கும் என்று அவர் கேட்டார். எந்தத் தெருவையும் வரையாமல், எவர் நிலத்திலும் கல் நடாமல், அன்றைய நாளின் அநீதியைக் கேள்வி கேட்பதற்காகவே நாளையைப் பயன்படுத்தினார். டன்னும் ரேபியும் பிற்காலத்தில் பேசிய முறைக்கு இது வெகு அருகில் வருகிறது.

அளவுகோல் பிடித்தவர்களைப் பற்றிச் செக்கரியா ஆகமத்தில் ஒரு சிறு காட்சி உண்டு. அழிந்த எருசலேமை மீண்டும் எழுப்பும் காலம். அளவுநூலைக் கையில் பிடித்த ஒருவன் நகரின் அகலமும் நீளமும் காணப் புறப்படுகிறான். உடனே ஒரு வானதூதரை ஓடிப்போய் அவனிடம் சொல்லும்படி அனுப்புகிறார் இன்னொருவர். மனிதரும் கால்நடைகளும் திரளாய் இருப்பதால் அந்த நகர் மதிலில்லா ஊராகவே இருக்கும் என்பதுதான் செய்தி. தீர்க்கதரிசி கால்நடைகளையும் சேர்த்துச் சொல்வதை நான் பலமுறை நினைத்ததுண்டு. நகரம் அமைப்போர் பொதுவாக ஆட்டை வேலிக்கு வெளியேதான் வைக்கிறார்கள்.

தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பார்கள் நம்மூர்ப் பெரியவர்கள். நம் வட்டாரத்து ஏரிகளை வெட்டியவர் எவரும் அவை நூறாண்டு கழித்து எப்படி இருக்கும் என்று படம் போட்டு வைக்கவில்லை. கரையை உயர்த்தினார்கள், கலங்கலை வைத்தார்கள், பின்வருவோர் தம் காலத்து மழைக்கேற்ப மதகைத் திறக்கவும் மூடவும் விட்டுச் சென்றார்கள். எதிர்காலத்தை நினைத்தவர்கள்தாம் அவர்களும். ஆனால் பின்வருவோர் மதகில் கைவைக்கும் உரிமையையும் சேர்த்தே நினைத்தார்கள்.

ஆரோவில் காட்டின் கதையிலும் இதற்கு ஒப்பான ஒன்று நடந்திருக்கிறது. அது விண்மீன் வடிவத்தைவிட எனக்கு அதிகம் பிடிக்கும். முதலில் நட்ட மரங்களில் பல ஆத்திரேலிய நாட்டிலிருந்து வந்த வேலவகை. வறண்ட செம்மண்ணிலும் விரைந்து வளரும், இலை உதிர்த்து மண்ணை மூடும், நிழல் தரும். அவை நிலைத்து நிற்கும் என்று நட்டவர்கள் எண்ணவில்லை. அவற்றை 'வேலைக்கார மரம்' என்றே அழைத்தார்கள். அந்த நிழலின்கீழ் இந்தக் கடற்கரைக்கே உரிய பழைய காட்டின் மரங்கள், வீரை, பாலை, காயா, கருங்காலி போன்றவை, மெதுவாக வளரவேண்டும் என்பது எண்ணம். அவற்றுக்கு விதை எங்கே கிடைத்தது? மேட்டில் எங்கும் இல்லை. சுற்றுவட்டக் கோயில் காடுகளில் கிடைத்தது. மரக்காணம் செல்லும் வழியில் புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சூழ்ந்துள்ளது போன்ற காடுகள் அவை. அய்யனாருக்கு அஞ்சிக் கிளை ஒடிக்காத ஊரார், எந்தத் திட்டத்திலும் இடம்பெறாமலே, ஒரு காட்டின் விதையை நூற்றாண்டுகள் காத்து வைத்திருந்தார்கள்.

2011 டிசம்பர் 30 அன்று விடியலில் 'தானே' புயல் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரை கடந்தது. முந்திரித் தோப்புகளும் பலாவும் வீழ்ந்த அந்நாளில் ஆரோவில் காட்டிலும் மரங்கள் பெருவாரியாகச் சாய்ந்தன. முதலில் விழுந்தவை வேர் ஆழம் போகாத அந்த வேலைக்கார மரங்களே. பாதைகளைத் திறக்கச் சுற்றூர்களின் ஆட்கள் அரிவாளோடும் இரம்பத்தோடும் வந்தார்கள். கிளைகளை வெட்டி அகற்றிய இடங்களில், முழங்கால் உயரத்துக்கு வீரைக் கன்றுகளும் காயாக் கன்றுகளும் வெயிலில் நின்றன.